தண்ணீர் கொடுத்தவர் யார்? – திருகோணமலைப் பயண எழுத்துகள் பற்றி

திருகோணமலையைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. வாரமலர்களிலும் நினைவு மலர்களிலும் வருபவை தொடக்கம் எங்கட மாணவர்கள் எழுதும் ‘நான் சென்ற சுற்றுலா’ வரைக்கும் அதே வார்ப்புத்தான். முதற் பந்தியில் வெயில் கொளுத்தும். இரண்டாவதில் கட்டுரையாளர் பிரட்றிக் கோட்டை வாசலில் நிற்பார். பிறகு புள்ளிமான்கள், கோணேசர் கோயில், பாறை உச்சி, இராவணன் வெட்டு, கன்னியா வெந்நீரூற்று. கடைசிப் பந்தியில் எல்லாரும் வாழ்நாளில் ஒருதரமாவது பார்க்க வேண்டிய இடம் என்று முடியும். ஆண்டுகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இந்தக் கட்டுரைகளில் தகவல் குறைவு என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்கள் குறைவு என்பதே என் குறை.

வெயில் முதற் பந்தியில் வருவதற்குக் காரணம் உண்டு. எங்கட கரையில் மழை தருவது வாடை. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை கடல் குழம்பிக் கிடக்கும். கடல் அடங்கிப் பயணிகள் வரத்தொடங்கும் காலம் ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை. அதுதான் கச்சான் வீசும் காலமும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரும் அந்தக் காற்று, இங்கே வந்து சேரும்போது அடுப்பு வாயிலிருந்து வருவது போல் வரும். ஆகவே திருகோணமலைக்கு வரும் பயணி அநேகமாக வெயிலுக்குள்தான் வருகிறார், வெயிலுக்குள்தான் எழுதுகிறார். அந்த வெயிலில் ஒருவர் ஐந்தாறு மணித்தியாலம் அலைந்து திரிந்து வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார் என்றால், இடையில் யாரோ அவருக்குத் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். யாரோ ஒரு வாங்கில் இருத்தியிருக்க வேண்டும். யாரோ பஸ் வரும் நேரத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கட்டுரையில் அவர்கள் இல்லை. வெயில் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

பயண எழுத்தொன்றை மதிப்பிட எத்தனையோ அளவுகோல்கள் இருக்கலாம். இக்கட்டுரையில் நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: இதில் தண்ணீர் கொடுத்தவர் யார் என்று தெரிகிறதா? சின்னக் கேள்வி போலத் தோன்றினாலும், நூற்றாண்டுகள் பழைய நூல்களையும் நேற்று எழுதிய கட்டுரையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க இது உதவுகிறது.

இந்த அளவுகோல் நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல, தமிழிலேயே இருப்பது. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். போய்ப் பரிசு பெற்று வந்தவன், இனிப் போகப் போகிறவனுக்கு வழி சொல்கிறான். மன்னனின் புகழ் அதில் உண்டு என்பது உண்மைதான். ஆனால் மன்னனிடம் போய்ச் சேருமுன் வழிநெடுக ஊர்கள் வருகின்றன. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் ஊருக்குப் போகும் பாணனுக்கு நெய்தல் நிலத்தார் எதைக் கொடுப்பார்கள், முல்லை நிலத்தார் எதைக் கொடுப்பார்கள், மருத நிலத்தார் எதைக் கொடுப்பார்கள் என்று திணை திணையாகச் சொல்லப்படுகிறது. வழியை ஆற்றுப்படைப் புலவன் காட்டுவது கல்லையும் கோபுரத்தையும் அடையாளமாக வைத்து மட்டுமல்ல, சோறு போடும் கையையும் அடையாளமாக வைத்துத்தான். இந்த மரபு எங்களுக்கு அந்நியமானதுமல்ல. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நோக்கிப் புலவர்களை வழிப்படுத்திப் புலவராற்றுப்படை பாடியவர் நாகூர் குலாம் காதிறு நாவலர்.

வெயிலுக்கும் தமிழில் இலக்கணம் உண்டு. பாலைக்குப் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். அகப்பாடல்களில் அந்த வெயிலுக்குள் தலைவன் தனியாகப் போகிறான். ஆனால் அந்தச் சுரத்தின் கொடுமையை நாங்கள் பல பாட்டுகளில் அறிவது, வீட்டில் இருந்து அதை நினைத்துப் பார்க்கும் தலைவியின் வாய்மொழியில், அல்லது தோழியின் வாய்மொழியில். ஒருவர் நடக்கும் வெயில் இன்னொருவர் நெஞ்சிலும் சுடும் என்பதை அறிந்த இலக்கியம் அது. தற்காலப் பயணக் கட்டுரையின் வெயில் எழுதுபவரின் தலையை மட்டுமே சுடுகிறது.

இனி இப்னு பதூதாவுக்கு வருவோம். 1325இல் இருபத்தொரு வயதில் தஞ்சீரிலிருந்து தனியாகப் புறப்பட்டவர், மாலைதீவிலிருந்து 1344இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலைக்கு அவர் வரவில்லை. புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவாதமலைக்கு ஏறி, தேவேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாகத் திரும்பினார். எங்கட மேடைகளில் இந்தப் பயணம் அடிக்கடி சொல்லப்படுகிறது. முஸ்லிம்கள் இந்த நாட்டில் அன்றே இருந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக மட்டும் சொல்லப்படுவதால், எழுத்தாக அதை யாரும் வாசிப்பது குறைவு.

எழுத்தாக வாசித்தால் முதலில் கண்ணில் படுவது அதன் ஆட்கூட்டம். பாரசீகம் விளங்கும் அரசன், முத்துக் குவியல், குனகார் நகரத்துப் பள்ளிவாசலும் ஷீராஸிலிருந்து வந்த ஷெய்க் உஸ்மானும், மலையேறுவோருக்கு அவரும் அவருக்குப் பின் அவர் பிள்ளைகளும் வழிகாட்டியது, கொழும்பில் அபிசீனியர் ஐந்நூறு பேரோடு இருந்த ஜாலஸ்தி. மலையைப் பார்க்கும் அளவுக்கு மனிதரையும் பார்த்த கண் அது. மாற்று மதத்தார் ஷெய்குமாருக்குக் காட்டிய மரியாதையையும் மறைக்காமல் எழுதியது. இந்த வகையில் றிஹ்லா நான் வைத்த கேள்வியில் நல்ல புள்ளி எடுக்கிறது.

ஆனாலும் முழுப் புள்ளி இல்லை. அரசன் அவருக்குப் பல்லக்கும் அதைத் தூக்க அடிமைகளும் கொடுத்தான். கூட அனுப்பியது யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரசனின் ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமப்போர் பதினைந்து பேர். கூட்டிப் பார்த்தால் பல்லக்குத் தூக்கியவர்களை விட்டே முப்பத்திரண்டு பேர். அவர்களில் ஒருவர் பெயரும் நூலில் இல்லை. உலகத்தின் மிகப் பெரிய தனிப்பயணி என்று நாங்கள் பெருமைப்படும் மனிதர், எங்கட நாட்டில் தனியாக நடக்கவேயில்லை. பெயருள்ளவர் ஷெய்க், அரசன், அமைச்சர். சுமந்தவருக்கு எண்ணிக்கை மட்டும். எண்ணிக்கையையாவது சொன்னாரே என்று நான் ஆறுதல்படுவதுண்டு. தற்காலக் கட்டுரையாளர் அதையும் சொல்வதில்லை.

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் வார்ப்புக் கட்டுரை போகும் வழியிலேயே ஒரு நாள் நானும் தனியாகப் போனேன். கோட்டை வாசலில் பத்து மணி. வாசற் கல்லில் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் சேர்த்துக் கோட்டை கட்டினார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1803இல் யோர்க் கோமகனின் பெயர் வைத்தார்கள். இந்த வரிசை எல்லாக் கட்டுரையிலும் இருக்கிறது. ‘கட்டினார்கள்’ என்ற வினைமுற்றுக்குள் ஒளிந்திருப்பது யார் என்று ஒரு கட்டுரையும் கேட்பதில்லை. கொன்ஸ்தந்தீனு த சா கல் சுமக்கவில்லை. இந்த வெயிலில் அதைச் சுமந்த முதுகு இந்தப் பக்கத்து முதுகாகத்தான் இருந்திருக்கும். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடியில் கடலுக்குள் கோயிலின் சிதைவுகளைக் கண்ட கதையும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. மீனவர் தினமும் தோணி ஓட்டும் கடலில் அந்த இரண்டு பேர் மட்டுமே இருந்தது போல.

பாறை உச்சியில் ஒல்லாந்த எழுத்துப் பொறித்த தூண் ஒன்று நிற்கிறது. 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும் பிரான்சினா வான் றீட் என்ற பெயரும் அதில் உண்டு. காதலன் கப்பலில் கைவிட்டுப் போக அவள் இங்கிருந்து குதித்தாள் என்பது கதை. ஒல்லாந்தர் கால ஆவணங்களைப் பார்த்தவர்கள், அவள் அதன் பின்னும் உயிரோடு இருந்து மணம் முடித்தாள் என்றே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் எல்லாக் கட்டுரையிலும் அவள் குதித்துக்கொண்டே இருக்கிறாள்.

இதே துறைமுகத்தில் இன்னொரு பெண்ணுக்கும் கல் இருந்தது. நிக்கல்சன் குடாவில் கண்டெடுக்கப்பட்ட அறபுக் கல்லறைக் கற்களில் ஒன்று, ஹலப் நகரத்தைச் சேர்ந்த பத்ருத்தீன் ஹுசைன் என்ற தலைவரின் மகளுடையது. ஹலப் என்றால் சிரியாவின் அலெப்போ. அங்கிருந்து வந்த குடும்பமொன்றின் பிள்ளை எங்கட குடாவில் மௌத்தாகி அடக்கப்பட்டிருக்கிறாள். எந்தக் காற்றில் கப்பல் வந்தது, யார் குளிப்பாட்டிக் கபனிட்டார்கள், யார் குழி வெட்டினார்கள்? கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. குதிக்காத ஒருத்தி குதித்ததாக நூறு கட்டுரைகள் இருக்க, உண்மையாகவே இங்கே மண்ணானவளுக்கு ஒரு பயணக் கட்டுரையிலும் ஒரு வரி கிடையாது. முஸ்லிம் எழுத்தாளர்களாகிய நாங்களும் இதற்குப் பொறுப்பு. ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பில் அவளை வைத்துவிட்டு, கதை எழுதும்போது பிரான்சினாவிடம் போகிறோம்.

கோட்டையை விட்டு இறங்கும்போது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, “அக்கா, தலை சுத்துற மாதிரி நிக்கிறீங்கள். உள்ள இருங்கோ, இந்தாங்கோ தண்ணி” என்று போத்தலை நீட்டினார். ஓட்டத்துக்குக் கூப்பிடவில்லை. பெயரைக் கேட்டேன். “தண்ணி குடுத்ததுக்குப் பேர் எதுக்கு அக்கா” என்று சிரித்தார். ஆகவே இங்கே பெயர் இல்லை. பெயர் சொல்ல விரும்பாதவரின் பெயரை எழுதத் தேவையுமில்லை. அவர் அங்கே இருந்தார் என்பதை எழுதலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனியாக வந்த ஆணிடம் ஊரைக் கேட்பார்கள், தனியாக வந்த பெண்ணிடம் காரணத்தைக் கேட்பார்கள். அன்று முழுக்க என்னிடம் காரணம் கேட்காத ஒரே ஆள் இந்தத் தம்பிதான்.

மூதூருக்கு முன்பெல்லாம் கடலால் லோஞ்சில் போவோம், அல்லது துறைக்குத் துறை பாதைக்குக் காத்திருந்து தரையால் போவோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்துவிட்டது. இப்போது பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். அங்கே பயணிக்குக் காட்டப்படுவது வெள்ளைக்காரன் மரம். 1659 நொவெம்பரில் மசூலிப்பட்டணத்தில் புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற கப்பல், அதைச் சீர்செய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் கண்டி அரசனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் அவன் மகனையும் இன்னும் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தந்தைக்கும் மகனுக்கும் றொபர்ட் நொக்ஸ் என்ற ஒரே பெயர். தந்தை அடுத்த பெப்ரவரியிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டான். பத்தொன்பது வருடம் சிறையிருந்து, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப் போய், 1681இல் லண்டனில் நூலை வெளியிட்டவன் மகன்.

நொக்ஸின் நூல் நல்ல நூல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊர் மக்கள் எப்படி உழுதார்கள், எதைச் சாப்பிட்டார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று அவனைப் போலப் பார்த்து எழுதிய ஐரோப்பியர் குறைவு. ஆனால் எங்கட கேள்வியை அவனிடமும் கேட்க வேண்டும். தந்தையும் மகனும் காய்ச்சலில் கிடந்தபோது கூட இருந்தது ஒரு பையன். தந்தை பணிவிடைக்கென்று பரங்கிப்பேட்டையிலிருந்து கூட்டிவந்த கறுத்தப் பையன். எசமானே கைதியாகிவிட்ட பிறகு அவன் சொல் கேட்பதில்லை என்று நொக்ஸ் குறைப்படுகிறான். தந்தை இறந்ததும் ஊராரிடம் உதவி கேட்க, மாடு கட்டும் கயிற்றைக் கொடுத்துக் காட்டுக்குள் இழுத்துப் போகச் சொன்னார்கள் என்றும் எழுதுகிறான். அந்த நேரத்திலும் அவனோடு நின்றது அந்தப் பையன்தான். பிறகொருநாள் அவன் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் கொண்டுவந்த ஆங்கில பைபிளை, பின்னல் தொப்பி ஒன்றுக்கு மாற்றி எசமானுக்கு எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். நூலின் மிக உருக்கமான இரண்டு இடங்களிலும் அவன் நிற்கிறான். அவனுக்குப் பெயர் இல்லை. என்ன மொழி பேசினான், ஊரில் யார் இருந்தார்கள், பிறகு என்ன ஆனான் என்பதைச் சொல்ல நொக்ஸுக்குத் தோன்றவில்லை. தமிழ்க் கரையிலிருந்து வந்து இலங்கையில் கைதியான ஒரு பையன் அவன். சிறைப்பட்டவரில் நொக்ஸுக்குக் கல் இருக்கிறது, மரம் இருக்கிறது, நூல் இருக்கிறது. ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று பெயர் வைத்தபோதே கறுத்தப் பையன் நிழலுக்கு வெளியே போய்விட்டான்.

மரத்தடியைப் பார்த்துவிட்டு வந்த வழியில் ஒரு வீட்டுப் படியில் மூத்தம்மா ஒருவர் இருந்தார். “என்ன மகள், இந்தக் கச்சானுக்குள்ள தனியா? வாங்க, வந்து இரிங்க” என்று உள்ளே கூப்பிட்டு மண்முட்டித் தண்ணீர் தந்தார். கல்லைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன். “அதப் பாக்கத்தான் எல்லாரும் வாற” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதே மாசம்தான் மகள் நாங்களும் போன. தண்ணிப் போத்தல் ஒண்டு, நாங்க ஏழு பேர்” என்றார்.

அவர் சொன்னது 2006 ஓகஸ்ட். மாதத் தொடக்கத்தில் புலிகள் மூதூருக்குள் வர, ஷெல் அடிக்குள் அகப்பட்ட முஸ்லிம்கள் ஊரோடு எழும்பிக் கந்தளாய்க்குப் போனார்கள். வழியிலும் உயிர்கள் போயின. அதே நாட்களில்தான் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளவுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் அநேகமாகத் தமிழர். அவர்கள் மூதூருக்கு வந்திருந்த வேலைகளில் ஒன்று, சுனாமியில் பாதிக்கப்பட்ட சனங்களுக்குக் குடிதண்ணீர் வசதி செய்து கொடுப்பது. தண்ணீர் கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு மூதூரில் இப்படியும் ஒரு பதில் இருக்கிறது. 1660இன் சிறைபிடிப்பைப் பார்க்க வரும் பயணி, அதே ஊரில் ஊரே இடம்பெயர்ந்ததைக் கேளாமல் திரும்பிப் போக முடிகிறது என்றால், அதற்கு வெயில் காரணமில்லை. வார்ப்புத்தான் காரணம்.

இதற்கு மறுப்பொன்று வரும் என்று தெரியும். ‘அப்படியென்றால் எங்கட அடையாளங்களையும் பட்டியலில் சேர்த்து எழுதினால் போதுமே’ என்பார்கள். அதில்தான் எனக்குப் பயம். திருகோணமலையில் இப்போது எந்தக் கல்லைப் பற்றி எழுதினாலும் அது காணி உறுதி எழுதுவது போல் ஆகிவிடுகிறது. கன்னியாவில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென்று 2020இல் ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. கல்லை வாசிக்கும் உரிமையை ஒரு பக்கத்துக்கே கொடுத்தார்கள். அதை எதிர்ப்பது நியாயம். ஆனால் எதிர்ப்பதற்காக நாங்களும் கல்லுக்குக் கல் உரிமை கோரி எழுதத் தொடங்கினால், ஹலப் நகரத்து மகளும் ஒரு எல்லைக் கல்லாக மாறிவிடுவாள். அவளுக்கு நாங்கள் செய்யும் இரண்டாவது அநியாயமாக அது இருக்கும்.

தண்ணீரைக் கேட்கும் கேள்வி அப்படிப்பட்டதல்ல. கொடுத்தவர் எதையும் உரிமை கோரவில்லை. அன்று எனக்குக் கோட்டையடியில் தந்தவர் தமிழர், மூதூரில் தந்தவர் முஸ்லிம், திரும்பி வரும் பஸ்ஸில் சன்னலோர இடத்தை விட்டுத் தந்தவர் சேருவில சிங்களப் பெண்ணொருவர். இவர்களை எழுதினால் யாருடைய காணியும் பறிபோகாது. ஸக்காத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் சேர்த்த மார்க்கம் எங்களுடையது. வழிப்போக்கனுக்குக் கொடுப்பது கடமையென்றால், கொடுத்ததைச் சொல்வது வழிப்போக்கனின் கடமை. பூமியில் பயணம் செய்து முன்சென்றவர்களின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் சொல்வதை நாங்கள் இடிந்த சுவர்களைப் பார்ப்பதாக மட்டும் விளங்கிக்கொண்டோமோ என்றும் எனக்குத் தோன்றுகிறது.

இவ்வருடம் பத்தாம் ஆண்டு மாணவருக்கு ‘நான் சென்ற சுற்றுலா’வைக் கொடுக்கவில்லை. ‘வழியில் எனக்கு உதவியவர்’ என்று தலைப்பை மாற்றினேன். முதலில் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள், மனப்பாடம் செய்த வசனங்கள் இதற்கு உதவவில்லை. பிறகு எழுதத் தொடங்கினார்கள். கோட்டையை எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கோட்டைகளில் கச்சான்கொட்டை விற்கும் கிழவர் இருந்தார், வாந்தி எடுத்த பிள்ளைக்குப் பொலித்தீன் பை கொடுத்த கண்டக்டர் இருந்தார், செருப்பறுந்த மாணவிக்கு ஊசிநூல் கொடுத்த கோயில் பூக்கடைக்கார அம்மா இருந்தார். எழுத்துப் பிழைகள் வழமை போலவே இருந்தன. வசனங்கள் அவர்களுடையவையாக இருந்தன.

பயணக் கட்டுரை எழுதுகிறவர்களிடமும், ஆய்வு என்ற பெயரில் கல்வெட்டுகளைத் தேடிப் போகிறவர்களிடமும் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. ஆண்டையும் அளவையும் தவறாமல் எழுதுங்கள். அதோடு எத்தனை மணிக்குப் போனீர்கள், எந்த நிழலில் இருந்தீர்கள், யார் வழி காட்டினார்கள், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். பெயர் சொல்லலாமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால் பெயரை விடுங்கள், ஆளை விடாதீர்கள். பரங்கிப்பேட்டைப் பையனின் பெயரை இனி எந்த நூலகத்தில் தேடியும் எடுக்க முடியாது. இன்று தண்ணீர் தருகிறவரிடம் கேட்பதற்கு நேரம் இருக்கிறது.